மணல்மேட்டுக்கு அப்பால் விழுந்த வீரர் எங்கே? மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் வாக்கி-டாக்கியின் பணி

ராஜஸ்தானின் தார் பாலைவனம், இமாசலப் பிரதேசம், லடாக் ஆகிய பகுதிகளில் சாலையற்ற பாதைகளில் நடத்தப்படும் மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் தொழில்முறை சாராத வீரர்களும் பெருமளவில் பங்கேற்கின்றனர். பாதையின் பெரும்பகுதியில் செல்போன் சமிக்ஞை கிடைப்பதில்லை. அங்கு விபத்து நேர்ந்தால் அதை வெளியுலகுக்குத் தெரிவிக்கும் முதன்மைச் சாதனம், வாக்கி-டாக்கி எனப்படும் இருவழி வானொலிக் கருவியே.

இக்கருவி வீரரின் கையில் இருக்க வேண்டும் என்பது பரவலான எண்ணம். ஆனால் அதன் உண்மையான பயன் பாதையோரம் நிற்கும் மார்ஷல்களிடம்தான் உள்ளது. மயங்கிக் கிடப்பவரால் பொத்தானை அழுத்திப் பேச இயலாது. அவர் வந்து சேரவில்லை என்பதை வேறொருவர்தான் கவனிக்க வேண்டும்.

இதற்கான நடைமுறை எளிது. ஒவ்வொரு கண்காணிப்புச் சாவடியிலும் கடந்து செல்லும் வண்டியின் எண்ணும் நேரமும் குறிக்கப்பட்டு, வானொலி வழியாகக் கட்டுப்பாட்டு மையத்துக்குத் தெரிவிக்கப்படுகின்றன. உதாரணமாக, 47-ஆம் எண் வண்டி மூன்றாவது சாவடியைக் கடந்தும் உரிய நேரத்தில் நான்காவது சாவடியை எட்டவில்லை எனில், தேட வேண்டிய பகுதி அந்த இரண்டு சாவடிகளுக்கு இடைப்பட்ட சில கிலோமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. எண்களைப் பதிவு செய்யாமல் வெறுமனே கருவிகளை மட்டும் விநியோகிக்கும் ஏற்பாட்டாளர்களுக்கு இந்தப் பயன் கிட்டாது.

கருவியின் திறனைவிட அது இருக்கும் உயரமே பேச்சு எட்டும் தொலைவைப் பெரிதும் தீர்மானிக்கிறது. இவ்வகை அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை. தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் பிடித்துப் பேசும்போது, தடையற்ற சமவெளியில் அலைகளின் தொடுவானம் சுமார் 5 கிலோமீட்டர். அதே கருவியை 30 மீட்டர் உயர மேட்டின் உச்சிக்குக் கொண்டு சென்றால் அது சுமார் 22 கிலோமீட்டராக விரிகிறது. இடையில் ஒரு மணல்மேடு குறுக்கிட்டால் இக்கணக்கு பொய்த்துவிடும். எனவே உயரமான இடத்தில் ஒருவரை நிறுத்தி, இரு பக்கச் செய்திகளையும் வாங்கிக் கடத்தச் செய்வது விலையுயர்ந்த கருவி வாங்குவதைவிட மேலானது. பந்தயத்துக்கு முந்தைய நாளே ஒவ்வொரு சாவடியிலிருந்தும் பேசிப் பார்த்தால் எங்கு செய்தி எட்டாது என்பது தெரிந்துவிடும்.

ஒரே அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பேச முடியும். ஒருவரது பொத்தான் தவறுதலாக அழுந்தியே இருந்தால், அருகில் உள்ள அனைவரின் தொடர்பும் முடங்கும். பொத்தானை அழுத்தியதும் ஒரு கணம் பொறுத்துப் பேசாவிட்டால் முதல் சொல், பெரும்பாலும் வண்டி எண், காதில் விழாமல் போகும். விபத்துச் செய்தியில் வண்டி எண், இடம், காயத்தின் தன்மை ஆகிய மூன்றும் போதும். விபத்து அறிவிக்கப்பட்டதும் மற்றவர்கள் மௌனம் காப்பது கட்டாயம். கருவிகளில் உள்ள 'தனியுரிமைக் குறியீடு' என்ற வசதி பேச்சை மறைப்பதில்லை. பிறர் பேச்சு நம் காதில் விழாமல் தடுப்பதோடு சரி.

உரிமம் யாருக்குத் தேவை?

இந்தியாவில் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில், நிர்ணயிக்கப்பட்ட குறைந்த திறனில் இயங்கும் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை. எனினும் கருவிக்கு அரசின் உபகரண வகை ஒப்புதல் இருக்க வேண்டும். இணையச் சந்தைகளில் மலிவாகக் கிடைக்கும் பல கருவிகள் இந்த வரம்புக்கு வெளியே, காவல்துறை உள்ளிட்ட சேவைகள் பயன்படுத்தும் அலைவரிசைகளிலும் ஒலிபரப்பக் கூடியவை. இத்தகைய விற்பனையைக் கட்டுப்படுத்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-இல் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. எல்லை மாவட்டங்களில் உரிமமற்ற கருவியுடன் பிடிபடுவது சாதாரண விஷயமாக முடியாது.

அமெச்சூர் வானொலி உரிமம் பெற்ற 'ஹாம்' ஆர்வலர்களின் உதவியை நாடுவது மற்றொரு வழி. தேர்வெழுதி உரிமம் பெறும் இவர்கள் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் உள்ளிட்ட அலைவரிசைகளைப் பயன்படுத்தலாம். ஆனால் வணிக நோக்கில் இச்சேவையைப் பயன்படுத்த அனுமதி இல்லை. உரிமம் ஹாம் ஆர்வலருக்கு மட்டுமே உரியது. அவரது கருவியை மார்ஷல்களிடம் கொடுத்துத் தாமாகப் பேசச் சொல்ல இயலாது. செயற்கைக்கோள் தொலைபேசியும் எளிய மாற்று அல்ல. அரசின் முன் அனுமதியின்றி அதை வைத்திருப்பது இந்தியாவில் குற்றம்.

சர்வதேசப் பந்தயங்களின் நிலை வேறு. சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பின் மோட்டோகிராஸ் விதிகள், பந்தயத்தின்போது வீரருடன் வானொலியில் பேசுவதைத் தடை செய்கின்றன. வெளியிலிருந்து கிடைக்கும் ஆலோசனை நியாயமற்ற சாதகம் என்பதே காரணம். டக்கார் பந்தயத்தில் ஒவ்வொரு வண்டியிலும் செயற்கைக்கோள் வழிக் கண்காணிப்புக் கருவி பொருத்தப்படுகிறது. 2021 ஜனவரியில் சவூதி அரேபியாவில் நடந்த அப்பந்தயத்தின் 4-ஆவது கட்டத்தில் விழுந்து படுகாயமடைந்த இந்திய வீரர் சி.எஸ். சந்தோஷ், ஹெலிகாப்டரில் ரியாத் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். உள்ளூர் மன்றங்கள் நடத்தும் பந்தயங்களுக்கு அந்த வசதி எட்டாக்கனி.

லடாக் போன்ற குளிர்ப் பகுதிகளில் மின்கலத்தின் திறன் விரைவில் குறைவதால், மாற்று மின்கலத்தை உடலோடு ஒட்டிய உட்பையில் வைத்திருப்பது வழக்கம். கடைசி வீரருக்குப் பின்னால் பாதை முழுவதும் சுற்றிவரும் வண்டி, எவரும் விடுபடவில்லை என்று வானொலியில் உறுதி செய்து, சாவடிகளின் கணக்கும் அதனுடன் பொருந்திய பிறகே ஆம்புலன்ஸ்கள் விடுவிக்கப்பட வேண்டும்.