கருவைப் படித்த கதை



அரியலூர் என்றால் சிமெண்ட், பெரம்பலூர் என்றால் சாத்தனூர் கல்மரம். இந்த மண்ணிலிருந்து வந்த ஒரு இன்ஜினீயர் கருவைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

சோதனைக் குழாய்க் குழந்தை பிறப்பதற்குப் பத்து வருடம் முன்பே கருவைப் படிக்கும் வேலை ஆரம்பித்துவிட்டது. 1968-ல் இங்கிலாந்தில் ராபர்ட் எட்வர்ட்ஸும் ரிச்சர்ட் கார்ட்னரும் முயல் கருவிலிருந்து சில செல்களை எடுத்து, ஆணா பெண்ணா என்று பார்த்து, திரும்பக் கருப்பையில் வைத்தார்கள். அதே எட்வர்ட்ஸின் முயற்சியால்தான் 1978 ஜூலை 25-ல் லூயிஸ் பிரௌன் பிறந்தாள். அடுத்த 70 நாளில், அக்டோபர் 3-ல், கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியில் துர்கா பிறந்தாள். ஆனால் நம்மவர்களே அவரை நம்பவில்லை. மனம் உடைந்த அந்த மனிதர் 1981-ல் உயிரை மாய்த்துக்கொண்டார். எட்வர்ட்ஸுக்கு 2010-ல் நோபல் பரிசு கிடைத்தது. என்ன சொல்ல!

1990-ல் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் ஆலன் ஹேண்டிசைட் குழுவினர் மனிதக் கருவையே சோதித்தார்கள். சில பரம்பரை நோய்களைத் தாய் சுமப்பாள். பெரும்பாலும் பாதிக்கப்படுவது மகன். ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதனால் மூன்று நாள் கருவில் ஒரு செல்லை எடுத்துப் பார்த்து, பெண் கருவை மட்டும் தாயின் வயிற்றில் வைத்தார்கள். ஆக, இந்த முறை மனிதரிடம் முதன்முதலில் பயன்பட்டதே பெண் குழந்தையைத் தேர்ந்தெடுக்கத்தான்! இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று ஐந்தாம் நாள் கருவின் வெளி அடுக்கிலிருந்து நாலைந்து செல்களை எடுக்கிறார்கள். பிறகு நஞ்சுக்கொடி ஆகப்போகும் பகுதி அது. நம்ம பாஷையில் சொன்னால் காங்கிரீட் கியூப் டெஸ்ட் மாதிரிதான். கியூப் தேறினால் தளம் முழுக்கத் தேறிவிட்டது என்று சத்தியம் பண்ண முடியாது இல்லையா? கருவிலும் ஒரு செல் போல இன்னொரு செல் இல்லாமல் போவதுண்டு. அதனால் ரிசல்ட்டை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பயன் இல்லாமல் இல்லை. அப்பா, அம்மா இருவருமே தலசீமியா மரபணுவைச் சுமந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்திலேயே முடிக்கும் நம்ம ஊரில் இதுபோன்ற நோய்கள் வர வாய்ப்பு அதிகம். ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்கு இந்தச் சோதனை பெரிய ஆறுதல்.

இப்போது ஆரம்பத்தில் விட்ட விஷயத்துக்கு வருகிறேன். 2011 கணக்கெடுப்பில் ஆறு வயது வரை உள்ள 1000 ஆண் குழந்தைகளுக்கு அரியலூரில் பெண் குழந்தைகள் 897 பேர், பெரம்பலூரில் 913 பேர். தமிழ்நாட்டின் சராசரியோ 943. கருச் சோதனையால் வந்த குறை இல்லை இது. ஆண் வாரிசு ஆசையின் குறை. அந்த ஆசையின் கையில் லண்டன் முறை கிடைத்தால் என்ன ஆகும்? பெண்ணைத் தேர்ந்தெடுக்க வந்த கருவியே பெண்ணைத் தள்ளும் கருவியாகிவிடும்.

சட்டம் தூங்கவில்லை. 1994-ல் வந்த பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தை 2003-ல் திருத்தி, கருத்தரிப்புக்கு முன் செய்யும் தேர்வையும் தடுத்தார்கள். 2021-ன் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம், ஏற்கெனவே தெரிந்த பரம்பரை நோயைக் கண்டுபிடிக்க மட்டுமே கருவைச் சோதிக்கலாம் என்கிறது.

2022-ல் அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. விஞ்ஞானம் வாசலுக்கு வந்தாயிற்று. அதை எதற்குப் பயன்படுத்தப் போகிறோம் என்பதை லேப் முடிவு செய்யாது. நம் வீட்டுத் திண்ணைதான் முடிவு செய்யும். பிள்ளை நோயில்லாமல் பிறக்கட்டும் என்று கேட்பது நியாயம். பையனாகவே பிறக்கட்டும் என்று கேட்பது அநியாயம். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் படித்த நாம்தான் ஊருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.