உச்சியில் திறந்த புத்தகம்

மலையேறப் போன இடத்துல கடவுள்கிட்ட மாட்டிக்கிட்ட ஒருத்தரோட கதைதான் இந்த எபிசோட். பெயர் பெட்ரார்க். இத்தாலியக் கவிஞர். ஐரோப்பாவின் முதல் மலையேறின்னு இவரைச் சொல்வாங்க. அது கொஞ்சம் ஓவர். ஏன்னு சொல்றேன்.

1336 ஏப்ரல் 26. தெற்கு பிரான்ஸ்ல மோன் வோன்தூன்னு ஒரு மலை, சுமார் 1,900 மீட்டர். டூர் டி பிரான்ஸ் பார்க்கிறவங்களுக்கு அந்த மொட்டை உச்சி ஞாபகம் இருக்கும். பெட்ரார்க் சின்ன வயசுல இருந்தே அந்த வட்டாரத்துல வளர்ந்தவர். எங்க இருந்து பார்த்தாலும் கண்ணுல படுற மலை. அந்த உயரத்தைப் பார்க்கணும்ங்கிற ஆசையில மட்டும்தான் ஏறினேன்னு அவரே எழுதியிருக்கார். வயசு 31. துணைக்குத் தம்பி கெரார்தோ.

வழியில ஒரு வயசான மேய்ப்பர் தடுக்கிறார். "ஐம்பது வருஷத்துக்கு முன்னாடி நானும் ஏறினேன், உடம்பும் துணியும் கிழிஞ்சதுதான் மிச்சம்" என்கிற மாதிரி புலம்புறார். (பார்த்தீங்களா, 'முதல் மலையேறி' பட்டம் இங்கேயே போச்சு.) தடுக்கத் தடுக்க இவங்களுக்கு ஆசை கூடுது. தம்பி நேரா செங்குத்தா ஏறிப் போறார். அண்ணன் சுலபமான வழி தேடிப் பள்ளத்துல இறங்கி இறங்கிச் சுத்துறார். அதுவும் ஒரு தடவை இல்ல.

ஒருவழியா உச்சி. காலுக்குக் கீழே மேகம். தூரத்துல ஆல்ப்ஸ் பனி, ரோன் ஆறு, மார்செய் பக்கத்துக் கடல். மனுஷன் திகைச்சு நிக்கிறார். பையில எப்பவும் ஒரு குட்டிப் புத்தகம் இருக்கும்: புனித அகஸ்டின் எழுதின 'கன்ஃபெஷன்ஸ்'. தியோனிஜி என்ற அகஸ்டின் சபைத் துறவி கொடுத்தது. கை போன பக்கத்தைத் திறக்கிறார். பத்தாம் பாகம். மலையையும் கடலையும் நட்சத்திரத்தையும் பார்த்து வியக்கிற மனுஷங்க தங்களுக்கு உள்ளே பார்க்க மறந்துடறாங்கன்னு அகஸ்டின் சொல்ற இடம். பெட்ரார்க்குக்கு சுருக்குன்னு தைக்குது. புத்தகத்தை மூடிட்டார். அடிவாரம் வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசலை. திரும்பிப் பார்த்தா மலை ஒரு முழ உயரம்கூட இல்லாத மாதிரி தெரிஞ்சுதாம்.

இதெல்லாம் அன்னைக்கு ராத்திரியே சத்திரத்துல உட்கார்ந்து தியோனிஜிக்கு எழுதின கடிதம்னு அவர் சொல்றார். ஆனா இப்போ நம்ம கையில இருக்கிற வடிவம் 1353 வாக்குல எழுதப்பட்டிருக்கணும்னு பல ஆய்வாளர்கள் நினைக்கிறாங்க. தியோனிஜி 1342-லயே இறந்துட்டார். நம்ம ஆபீஸ் பாஷையில சொன்னா, கமிட் டேட்டைப் பின்னாடி தள்ளிப் போட்ட கேஸ். இன்னொண்ணும் உறுத்துது: 386-ல மிலான் நகரத்துத் தோட்டத்துல, பவுலோட நிருபத்தைக் கை போன இடத்துல திறந்து படிச்சு மனம் திரும்பினவர்தான் அகஸ்டின். அப்போ அவருக்கும் வயசு 31.

அப்போ கதை விட்டாரா? எனக்கு அப்படித் தோணலை. தம்பி கெரார்தோ 1343-ல கார்த்தூசியன் மடத்துல சேர்ந்து துறவி ஆயிட்டார். நேர் வழியில ஏறினவர் அவர்தானே! அம்பது வயசை நெருங்குற அண்ணன், இன்னும் புகழுக்கும் காதலுக்கும் நடுவுல அல்லாடிக்கிட்டு, அந்த நாளைத் திரும்பிப் பார்த்து எழுதுறார். தேதி பொய்யா இருக்கலாம். அந்தப் பொறாமையும் ஏக்கமும் பொய் இல்ல.

ஆனா ஒரு விஷயத்துல நான் பெட்ரார்க் கட்சி இல்ல. காட்சியை ரசிச்சதே தப்புங்கிற மாதிரி அவர் தன்னைத் திட்டிக்கிறார். அவர் திறந்தது பத்தாம் பாகத்தின் எட்டாவது அத்தியாயம். சில பக்கம் முன்னாடி, ஆறாவது அத்தியாயத்துல, அதே அகஸ்டின் பூமி, கடல், காற்று, சூரியன், சந்திரன்னு ஒவ்வொண்ணுகிட்டயும் போய் "நீதான் என் கடவுளா?"ன்னு கேட்கிறார். எல்லாமே நாங்க இல்ல, எங்களைப் படைச்சவர் அவர்னு கைகாட்டுது. அவர் அதுங்களை உத்துப் பார்த்ததுதான் கேள்வி, அதுங்களோட அழகுதான் பதில்.

இந்தப் பக்கம் பெட்ரார்க்குக்குத் தெரியாம இருந்திருக்காது. அந்தக் குட்டிப் புத்தகம் வயசான காலம் வரைக்கும் அவர்கூடவே பயணம் போச்சு. கடைசியில அதை இன்னொரு அகஸ்டின் சபைத் துறவிகிட்ட கொடுத்துட்டார்.