நைட் ஷிஃப்ட் அசதிக்கு பி-காம்ப்ளெக்ஸ் போடுறீங்களா? உள்ளே நடப்பது இதுதான்!

தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவரா நீங்கள்? அசதியா இருக்குன்னு மெடிக்கல் ஷாப்பில் பி-காம்ப்ளெக்ஸ் வாங்கிப் போட்டிருப்பீர்கள். அடுத்த சில மணி நேரத்தில் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போயிருக்கும். பயப்படாதீங்க, உடம்பு போதும்னு வெளியே தள்ளிய பி2 வைட்டமின்தான் அது. சரி, தெம்பு வந்ததா?

பள்ளியில் 'துணைநொதி' என்று படித்த கோஎன்சைமில்தான் இதற்குப் பதில் இருக்கிறது. சாப்பாட்டைச் சக்தியாக மாற்றும் மெஷின்கள், நொதிகள். அவற்றில் பல தனியாக ஓடாது. ஒரு சின்ன மூலக்கூறு கூட இருக்கணும். அதுதான் கோஎன்சைம். பெரும்பாலும் பி வைட்டமின்களிலிருந்துதான் உடம்பு அதைத் தயாரிக்கிறது.

கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மெஷினில் சரக்கை எடுத்து, இன்னொன்றில் இறக்கிவிட்டு, காலியாகத் திரும்பும். பி3-லிருந்து உருவாகும் என்ஏடி அப்படித்தான். அது தூக்குவது எலெக்ட்ரான்களை. பி5-லிருந்து வரும் கோஎன்சைம் ஏ தூக்குவது, இரண்டு கார்பன் உள்ள அசிட்டைல் துண்டை. என்ஏடி, கோஎன்சைம் ஏ, பி2 தரும் எஃப்ஏடி மூன்றிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி அடினோசின் பகுதி இருக்கும். நொதி பிடித்துக்கொள்ளும் கைப்பிடி என்று வையுங்களேன். வேலை பார்க்கிற மறுமுனை மட்டும் மாறும்.

ஒரே வண்டி திரும்பத் திரும்ப ஓடுவதால், இந்த வைட்டமின்கள் தினமும் கொஞ்சம் கிடைத்தாலே போதும். பி1 என்றால் ஒன்றரை மில்லிகிராம் அளவுதான்.

ஆனா அந்தக் கொஞ்சமும் இல்லைன்னா? பி1 தரும் கோஎன்சைம் இல்லாவிட்டால், குளுக்கோஸ் உடைந்து வரும் பைருவேட் அடுத்த கட்டத்துக்குப் போகாமல் தேங்கிவிடும். நரம்பும் இதயமும் அடிவாங்கும். பெரிபெரி என்கிற நோய் இதுதான்.

கும்மிடிப்பூண்டியைத் தாண்டினால் ஆந்திரா. பழைய சென்னை மாகாணத்தில், அந்தப் பக்கத்து வடக்குக் கரையோர மாவட்டங்களில் மில்லில் தீட்டிய பச்சரிசி சாப்பிட்டவர்களிடம் பெரிபெரி இருந்தது. புழுங்கல் சாப்பிட்ட தமிழ் மாவட்டங்களில் அது அபூர்வம். 1935-லிருந்து குன்னூர் ஆய்வுக்கூடத்தை நடத்திய டபிள்யூ.ஆர். அய்க்ராய்ட் இந்த அரிசி விவகாரத்தை விரிவாக ஆராய்ந்தார். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, வெளிப்புறத்தில் இருக்கும் பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் பெரும்பகுதி தங்கிவிடும். நம்ம பாட்டிகளுக்கு வைட்டமின் பேர் தெரியாது, வேலை நடந்திருக்கு!

இப்போது மாத்திரைக்கு வருவோம். ஃபோர்க்லிஃப்ட் பற்றாக்குறை இருந்தால் மாத்திரை நிஜமாகவே காப்பாற்றும். தேவையானது ஏற்கெனவே இருந்தால், இன்னும் பத்து வண்டி வாங்கி நிறுத்துவதால் உற்பத்தி கூடாது. பகலில் சரியாகத் தூங்காத அசதியை பி-காம்ப்ளெக்ஸ் தீர்க்காது. அதுவும் பி6-ஐ அதிக டோஸில் மாதக்கணக்கில் போட்டால், நரம்பே கெட்டு கால் மரத்துப்போகலாம்.

யாருக்குப் பற்றாக்குறை வரும்? தினமும் குடிப்பவர்களுக்கு பி1 குறையும், ஏனென்றால் மது அதைக் குடலில் சேரவிடாது. பால், முட்டை, மீன், இறைச்சி எதுவுமே தொடாதவர்களுக்கும், சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் நீண்டநாள் சாப்பிடுபவர்களுக்கும் பி12 குறையலாம். பாதத்தில் எரிச்சல், மரமரப்பு இருந்தால் மெடிக்கல் ஷாப் போதாது. டாக்டரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

ரூமில் நீங்களே சமைக்கிறீர்களா? அரிசியைப் பத்து தடவை கழுவாதீங்க. வடித்த கஞ்சியையும் கொட்டாதீங்க, கரைந்துபோன பி1 அதில்தான் இருக்கு.