மதமா, நாத்திகமா?

சிலுவைப் போரைக் காட்டி, கொன்றது மதம் என்கிறார்கள் தோழர்கள். 1937-38இல் ஸ்டாலின் நடத்திய களையெடுப்பைக் காட்டி, நாத்திகமும்தான் கொன்றது என்கிறார்கள் பக்தர்கள். கிருஷ்ணகிரிக்காரனான நான் கேட்பது வேற.

2018 நவம்பரில், சாதி மீறி மணந்து ஓசூரில் வாழ்ந்த இளம் தம்பதி கடத்தப்பட்டார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகக் காவிரியில் பிணமாகக் கிடைத்தார்கள். கைதானவர்கள் பெண்ணின் தகப்பனும் உறவினரும். அங்கே மதச்சண்டை எதுவும் இல்லை. மாப்பிள்ளை தலித், அதுதான் குற்றம்.

அப்போ மதம் நிரபராதியா? இல்லை. சாதியைப் புனிதமாக்கியது சாத்திரம் என்று 1936லேயே அம்பேத்கர் எழுதிவிட்டார். ஆனா, சாமி இல்லேன்னு மேடையில் முழங்குறவன் வீட்டிலும் கல்யாணத்துக்குச் சாதிதானே பார்க்கிறான்?

கடவுள் உண்டா இல்லையா என்பதை அப்புறம் பேசலாம். முதல்ல, யாருக்குப் பொண்ணு குடுப்பே, அதைச் சொல்லு.