வீரரின் பிள்ளைக்கு யார் ஃபீஸ் கட்டுவது?

வல்லக்கோட்டை முருகன் கோயிலைத் தாண்டி ஒரகடம் பக்கம் போனால் வரிசையாகத் தொழிற்சாலைகள். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிகளில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களும் உண்டு. பென்ஷனோடு இந்தச் சம்பளத்தையும் சேர்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். சரி, எல்லையிலிருந்து திரும்பியே வராதவர்களின் பிள்ளைகள்? கையோ காலோ இழந்து திரும்பியவர்களின் பிள்ளைகள்?

இந்தக் கேள்விக்கு இந்தியா 1971-இல் ஒரு பதில் சொன்னது. டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. இரண்டே நாளில், டிசம்பர் 18 அன்று, மக்களவையில் அறிவிப்பு வந்தது: போரில் இறந்த, காணாமல் போன, நிரந்தரமாக ஊனமுற்ற வீரர்களின் பிள்ளைகளுடைய படிப்புச் செலவை அரசே ஏற்கும். 1972 முதல் நடைமுறை. கல்விக் கட்டணம் மட்டுமல்ல, ஹாஸ்டல், புத்தகம், யூனிஃபார்ம் எல்லாம் சேர்த்து. பள்ளியிலிருந்து முதல் டிகிரி வரை. பிறகு சியாச்சினில் பாதிக்கப்பட்டவர்கள், இலங்கைக்குப் போன அமைதிப் படையினர், தீவிரவாதிகளுடனான மோதல்களில் பாதிக்கப்பட்டவர்கள் என்று 'போர்' என்று பெயர் வைக்காத சண்டைகளுக்கும் இது நீண்டது.

இது நம்முடைய கண்டுபிடிப்பு அல்ல. பிரான்ஸ் 1917 ஜூலையிலேயே, முதல் உலகப் போர் முடிவதற்கு முன்பே, தந்தையை இழந்த பிள்ளைகளை 'தேசத்தின் பிள்ளைகள்' என்று சட்டப்படி ஏற்றுக்கொண்டது. எழுத்தாளர் ஆல்பெர் காம்யு அப்படிப் படித்தவர்தான். அப்பா 1914-இல் போரில் இறந்தார், அம்மா வீட்டுவேலை செய்தவர். அமெரிக்காவில் இதற்கான சட்டம் 1956-இல் வந்தது.

நம் கதைக்கு வருவோம். 45 வருடம் ஓடிய திட்டத்துக்கு 2017 செப்டம்பரில் ஒரு கடிவாளம் போட்டார்கள். ஏழாவது சம்பளக் கமிஷன் பரிந்துரையை ஒட்டி, கல்விக் கட்டணமும் ஹாஸ்டலும் சேர்த்து மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் கிடையாது என்று உத்தரவு. அந்த ஜூலை 1-லிருந்தே கணக்கு!

காமர்ஸ் மாணவர்கள் கொஞ்சம் கவனிக்கவும். நாடாளுமன்றத்தில் அரசே சொன்ன கணக்கு இது: பயன் பெறுபவர்கள் 2,679 பேர், உச்சவரம்பால் பாதிக்கப்படுபவர்கள் 193 பேர், மிச்சமாகும் தொகை வருடத்துக்குச் சுமார் 3.2 கோடி. வகுத்துப் பார்த்தால் தலைக்குச் சராசரி ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். அரசுக்கு இது ஒரு தொகையே இல்லை. ஒரு விதவைத் தாய்க்கு, மகள் மூன்றாம் வருடம் படிக்கும்போது திடீரென்று விழும் ஒன்றரை லட்சம்! ஒருவருக்கு வருடம் 18.95 லட்சம் வரை போனதாகவும் அரசு சொன்னது. செலவைக் கேள்வி கேட்பது தப்பில்லை. ஆனால் முழுதாகத் தருகிறோம் என்று சொல்லிச் சேர்த்துவிட்டு, நடு வருடத்தில் விதியை மாற்றுவதை எந்தக் கணக்கில் எழுதுவது?

கடற்படைத் தளபதி அட்மிரல் சுனில் லாம்பா, அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் நிர்மலா சீதாராமனுக்கு (நம்ம மதுரைக்காரர்தான்) இதை நீக்கச் சொல்லிக் கடிதம் எழுதினார். முன்னாள் வீரர்களும் எதிர்த்தார்கள். 2018 மார்ச்சில் உச்சவரம்பு நீக்கப்பட்டது. அரசு அங்கீகாரம் பெற்ற நிறுவனமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் உண்டு. புத்தகத்துக்கு வருடம் 2,000 ரூபாய் என்ற வரம்பு அப்படியே இருந்தது. (அக்கவுண்டன்ஸி புத்தகம் வாங்கியவர்களுக்கு அதன் அருமை தெரியும்!)

இதில் இன்னொரு சிக்கல். உத்தரவின் வார்த்தை 'திருப்பித் தருதல்'. அதாவது குடும்பம் முதலில் கட்ட வேண்டும், ரசீது வைத்துப் பிறகு வாங்க வேண்டும். செமஸ்டர் ஃபீஸுக்குக் கடைசித் தேதி அதுவரை காத்திருக்காது.

2006-07 முதல் பிரதமர் உதவித்தொகைத் திட்டம் ஒன்றும் இருக்கிறது. முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகளும் விதவைகளும் விண்ணப்பிக்கலாம், போரில் இறந்தவர்களின் பிள்ளைகளுக்கு முதலிடம். 2019-இல் இது ஆண்களுக்கு மாதம் 2,500, பெண்களுக்கு 3,000 ரூபாயாக உயர்ந்தது. ஆனால் பொறியியல், மருத்துவம், பி.எட்., பி.பி.ஏ., பி.சி.ஏ. போன்ற தொழில்படிப்புகளுக்கு மட்டுமே. சாதாரண பி.காம். சேராது! ஹவில்தார் ரேங்க் வரையிலான முன்னாள் வீரர்களின் பிள்ளைகள் பி.காம். படித்தால், கேந்திரிய சைனிக் போர்டின் கல்வி மானியம்தான் கதி. இரண்டு பிள்ளைகள் வரை, பட்டப்படிப்பு முடிய, மாதம் 1,000 ரூபாய். 2025 நவம்பர் முதல் அது 2,000. விண்ணப்பத்தைச் சரிபார்ப்பது அந்தந்த மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம்.