எம்ஜி பானெட்டுக்குள் ஜப்பான் எஞ்சின்

பிரிட்டனின் சிறிய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கென்று தனியாக உருவாக்கிய எஞ்சின் அநேகமாக இருந்ததே இல்லை. எம்ஜி, ஆஸ்டின்-ஹீலி, டிரையம்ப், மார்கன், லோட்டஸ் என்று எதை எடுத்தாலும், பானெட்டைத் தூக்கினால் உள்ளே இருப்பது ஏதோ ஒரு குடும்பக் காரின் எஞ்சின்தான். 1958இல் வந்த ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட்டின் 948 சிசி 'ஏ சீரிஸ்' எஞ்சின், மாரிஸ் மைனரிலும் ஆஸ்டின் ஏ35இலும் ஓடியது. டிரையம்ப் டிஆர்2 தன் எஞ்சினை ஸ்டாண்டர்ட் வான்கார்டிடம் வாங்கிக்கொண்டது. அதன் நெருங்கிய உறவு பெர்குசன் டிராக்டரை இழுத்தது. 1962இல் வெளிவந்த எம்ஜிபியின் 1798 சிசி 'பி சீரிஸ்', நம் ஊர் அம்பாசிடரில் பல காலம் ஓடிய 1489 சிசி எஞ்சினின் அதே குடும்பம். 1990களில் அம்பாசிடருக்கு இசுசு எஞ்சின் வந்ததுபோல, எம்ஜிபிக்கும் ஜப்பான் எஞ்சின்கள் வந்தன. அதைச் செய்தவர்கள் பெரும்பாலும் தொழிற்சாலைக்காரர்கள் அல்லர். சொந்தக்காரர்களும் சிறு பட்டறைகளும்தான்.

இந்த வழக்கத்தின் வேர் ஆஸ்டின் செவனில் இருக்கிறது. 1922இல் வந்த சிறிய கார் அது. லட்சக்கணக்கில் விற்றதால் இரண்டாம் உலகப் போருக்குப் பின் காயலான் கடைகளில் சல்லிசாகக் கிடைத்தது. அதன் சட்டத்தை எடுத்து, இலகுவான தகரக் கூடு போர்த்தி, எஞ்சினைக் குடைந்து மெருகேற்றி 'ஸ்பெஷல்' கட்டுவது இளம் மெக்கானிக்குகளின் பள்ளிக்கூடமாயிற்று. லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் 1948இல் கட்டிய முதல் கார் அப்படிப்பட்ட ஒன்றே. 1957இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த லோட்டஸ் செவன் அந்தப் பழக்கத்தையே வணிகமாக்கியது. உதிரிகளாக வாங்கிச் சொந்தமாகப் பூட்டினால் விற்பனை வரி கிடையாது. ஆகவே வாங்குபவர் தன் வசதிக்கேற்ப எஞ்சினைத் தேர்ந்துகொண்டார். ஃபோர்டின் 1172 சிசி, ஆஸ்டின், மாரிஸ் கார்களைச் செய்த பிஎம்சியின் ஏ சீரிஸ், பின்னர் ஃபோர்டின் கென்ட் என்று பட்டியல் நீண்டது. 1973இல் அந்தக் காரின் உரிமையைப் பெற்ற கேட்டர்ஹாம் நிறுவனம் வாக்ஸ்ஹால், ரோவர், ஃபோர்டு எஞ்சின்களை ஒன்றன்பின் ஒன்றாக அதே மூக்குக்குள் வைத்துக்கொண்டே வந்தது. 1936 முதல் எண்பது ஆண்டுகளுக்கு மேல் வந்த மார்கன் 4/4 காரின் கதையும் இதுவே: காவென்ட்ரி கிளைமேக்ஸில் தொடங்கி ஸ்டாண்டர்ட், பிறகு ஃபோர்டின் பல தலைமுறைகள். இவ்விரண்டிலும் மாறாமல் நின்றது காரின் உருவமும் எடையும்; எஞ்சின் வந்து போயிற்று. பழைய காரில் புது எஞ்சின் வைப்பதை மரபுமீறல் என்பவர்கள் இந்த வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும்.

1960களில் ஆசை பெரிய எஞ்சின்கள் பக்கம் போயிற்று. 1962இல் ஏசி ஏஸ் காரில் அமெரிக்க ஃபோர்டு வி8 ஏறி அது கோப்ரா ஆனது. 1964இல் சன்பீம் ஆல்பைன் அதே வழியில் டைகர் ஆனது. கென் காஸ்டெல்லோ என்பவர் ரோவரின் அலுமினிய வி8 எஞ்சினை எம்ஜிபிக்குள் இறக்கி விற்கத் தொடங்க, நிறுவனமே அதைப் பார்த்து 1973இல் எம்ஜிபி ஜிடி வி8 காரை வெளியிட்டது. 1976 வரை 2,591 வண்டிகள்தான் வந்தன. வேகம் கிடைத்தது. ஆனால் ஸ்பிரைட், எம்ஜி மிட்ஜெட், லோட்டஸ் செவன் போன்ற சின்னஞ்சிறு வண்டிகளுக்கு அது வழியல்ல. ஸ்பிரைட்டின் மொத்த எடையே சுமார் 650 கிலோ. அதன் மூக்கில் கனத்த வார்ப்பிரும்பு வி8 உட்கார்ந்தால், விரல் நுனியில் திரும்பிய ஸ்டீயரிங் தோள்பலம் கேட்கும். வளைவில் முன்பக்கம் வெளியே தள்ளும். ஓட்டுவதின் இன்பம் எந்த இடத்தில் இருந்ததோ அந்த இடமே போய்விடும். நாலு சிலிண்டரோடு நின்றவர்கள் சிக்கனத்துக்காக மட்டும் நிற்கவில்லை. அந்தக் காரின் சமநிலை அவர்களுக்கு முக்கியமாக இருந்தது.

அடுத்த தூண்டுதல் அமெரிக்காவில் இருந்து வந்தது. இந்தக் கார்களில் பெரும்பங்கு அங்கேதான் விற்றது. 1970களில் அங்கே புகைக்கட்டுப்பாட்டு விதிகள் இறுகின. தொடக்கத்தில் 95 குதிரைத்திறன் தந்த எம்ஜிபி, 1975 முதல் இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்களை இழந்து ஒற்றை ஸ்ட்ராம்பெர்க்கோடு அமெரிக்காவில் சுமார் 62 குதிரைத்திறனுக்கு இறங்கியது. மோதல் விதிகளுக்காகக் கனத்த ரப்பர் பம்பர் வேறு. காரின் உயரத்தையும் கூட்டினார்கள். மிட்ஜெட்டுக்கு நேர்ந்தது இன்னும் வேடிக்கையானது: 1974 இறுதியில் அதன் ஏ சீரிஸை எடுத்துவிட்டு, சந்தையில் அதன் நேர்ப் போட்டியாளரான டிரையம்ப் ஸ்பிட்ஃபயரின் 1493 சிசி எஞ்சினை வைத்தார்கள். இரண்டும் அப்போது பிரிட்டிஷ் லேலண்ட் என்ற ஒரே கூரையின் கீழ் இருந்தன.

மூச்சுத் திணறிய இந்தக் கார்களின் சொந்தக்காரர்கள் அமெரிக்கக் காயலான் கடைகளில் தேடியபோது கையில் கிடைத்தது நிசானின் டாட்சன். 1966இல் சன்னி காரோடு வந்த நிசானின் ஏ எஞ்சின் சிறியது, இலகுவானது, அலுமினியத் தலை கொண்டது. அதன் பிற்கால வகைகளில் கிராங்க் ஷாஃப்ட்டை ஐந்து பேரிங்குகள் தாங்கின. பிஎம்சியின் ஏ சீரிஸில் மூன்றுதான். நிசான் 1950களில் ஆஸ்டின் கார்களை உரிமம் பெற்று ஜப்பானில் பூட்டிய நிறுவனம் என்பதால், பிரிட்டிஷ் மெக்கானிக்குக் கைப்பழக்கமான அமைப்புத்தான் அதிலும் இருந்தது. பலர் முதலில் எடுத்தது எஞ்சினைக்கூட அல்ல, டாட்சன் 210இன் ஐந்து வேக கியர்பாக்ஸை. நாலு கியரோடு நெடுஞ்சாலையில் கத்திக்கொண்டு ஓடிய ஸ்பிரைட்டுக்கு அந்த ஐந்தாம் கியர் பெரிய ஆறுதல்.

கியர்பாக்ஸ்தான் இந்தத் தொழிலின் உண்மையான முடிச்சு. பழைய ஸ்போர்ட்ஸ் காரில் எஞ்சின் நெடுக்குவாட்டில் நிற்கும். அதன் பின்னால் கியர்பாக்ஸ், அதற்குப் பின்னால் நீண்ட புரொப்பெல்லர் ஷாஃப்ட், கடைசியில் பின் ஆக்ஸில். 1959இல் வந்த மினி எஞ்சினைக் குறுக்கே படுக்க வைத்து முன் சக்கரங்களைச் சுழற்றியது. 1980களுக்குள் உலகத்துக் குடும்பக் கார்கள் பெரும்பாலும் அந்த வழிக்கு வந்துவிட்டன. நல்ல எஞ்சின்கள் பெருகிய அதே காலத்தில், பழைய கார்களில் நேராகப் பொருந்தும் எஞ்சின்கள் அருகின.

முன்சக்கர வண்டியின் எஞ்சினைத் திருப்பி நெடுக்கே வைத்தால் சிக்கல்கள் அடுத்தடுத்து வரும். சம்ப்பின் ஆழமான பகுதி முன் குறுக்குச் சட்டத்தில் இடிக்கும்; வெட்டி மறுபடி வெல்டு வைக்க வேண்டும், எண்ணெய் உறிஞ்சும் குழாயையும் அதற்கேற்ப நகர்த்த வேண்டும். தண்ணீர் வெளிவரும் வாய் ஃபயர்வாலைப் பார்த்து நிற்கும். வலப்பக்க ஸ்டீயரிங் உள்ள வண்டியில் புகைக்குழாயும் ஸ்டீயரிங் தண்டும் ஒரே இடத்துக்குச் சண்டை போடும். இவற்றுக்கெல்லாம் மேலாக, எஞ்சினின் பின்முகத்துத் துளைகளும் கியர்பாக்ஸின் பெல் ஹவுசிங் துளைகளும் ஒத்துப்போகாது. நடுவில் ஓர் அலுமினியத் தட்டைக் கடைந்து வைக்கலாம். ஆனால் கிராங்க் ஷாஃப்ட்டின் மையமும் கியர்பாக்ஸ் தண்டின் மையமும் ஒரே நேர்கோட்டில் நின்றாக வேண்டும். இம்மியளவு விலகினாலும் தண்டின் பேரிங்கும் கிளட்சும் சீக்கிரமே தேய்ந்து போகும்.

அதனால்தான் டொயோட்டாவின் 4ஏ-ஜிஇ அவ்வளவு கொண்டாடப்பட்டது. 1983இல் வந்த 1587 சிசி எஞ்சின். இரட்டை கேம் ஷாஃப்ட், 16 வால்வுகள். அதே ஆண்டு வந்த ஏஇ86 கொரோலாவில் அது நெடுக்கே நின்று, ஐந்து வேக டி50 கியர்பாக்ஸ் வழியாகப் பின் சக்கரங்களை ஓட்டியது. பழைய பிரிட்டிஷ் காருக்கென்றே செய்ததுபோல எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்தே கிடைத்தன. பின்னால் வந்த 20 வால்வு வகை முன்சக்கர வண்டிகளுக்கு மட்டுமே என்றாலும் அந்த கியர்பாக்ஸில் ஏறியது. அதன் டிஸ்ட்ரிபியூட்டர் தலையின் பின்முனையில் இருந்ததால் ஃபயர்வாலில் குழி வெட்ட வேண்டியிருந்தது.

பிரிட்டனில் அந்த இடத்தை ஃபோர்டு நிரப்பியது. 1990களின் ஸீடெக் எஞ்சின் முன்சக்கர வண்டிகளுக்கு என்று வடிவமைத்ததுதான். ஆனால் பழைய கென்ட் எஞ்சினின் பெல் ஹவுசிங் துளை அமைப்பு அதிலும் தொடர்ந்தது. ஆகவே பின்சக்கர சியராவின் ஐந்து வேக 'டைப் 9' கியர்பாக்ஸோடு அதைப் பூட்ட முடிந்தது. ரோவரின் கே சீரிஸும் இக்காலத்தில் புகழ்பெற்றது. தலை, பிளாக், அடித்தட்டு எல்லாவற்றையும் மேலிருந்து கீழ்வரை பத்து நீண்ட போல்ட்டுகள் கோத்துப் பிடிக்கும் அலுமினிய எஞ்சின் அது. எடை மிகக் குறைவு. 1996இன் லோட்டஸ் எலீஸில் 118 குதிரைத்திறனோடு ஓடியது. எம்ஜிஎஃப் காரிலும் இருந்ததால், மிட்ஜெட்டில் அதை வைத்தவர்கள் எம்ஜி வண்டியில் எம்ஜி எஞ்சினே இருக்கிறது என்று நிம்மதி கொண்டார்கள். ஹெட் கேஸ்கெட் பழுது அதன் பெயரைக் கெடுத்தது; 2005 ஏப்ரலில் ரோவர் உற்பத்தியும் நின்றது.

இடையில் இன்னொரு தடை விழுந்தது: புதிய எஞ்சின்களில் கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்ஷன் வந்தது. கார்புரேட்டருக்கு மெல்லிய அழுத்தத்தில் பெட்ரோல் சொட்டினால் போதும். இன்ஜெக்‌ஷனுக்கு ஏறக்குறைய 3 பார், அதாவது பத்து மடங்குக்கு மேல் வேண்டும். புதிய பம்ப், மிஞ்சிய பெட்ரோல் டாங்குக்குத் திரும்ப ஒரு குழாய், சென்சார்கள், கட்டுப்பாட்டுக் கணினி எல்லாம் சேர்ந்தே வரும். தொழிற்சாலைக் கணினியோ தன் சாவியும் தன் வண்டியின் மற்ற கருவிகளும் இல்லாமல் எஞ்சினை ஓடவிடாது. புரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போ இருவரும் 2000களின் தொடக்கத்தில் உருவாக்கிய மெகாஸ்குவர்ட், வீட்டு மேசையில் சால்டர் வைத்துப் பூட்டக்கூடிய கணினியாக வந்தது. பெட்ரோல் அளவையும் பொறிநேரத்தையும் மடிக்கணினியில் சொந்தக்காரரே அமைத்துக்கொள்ள முடிந்தபோது, பட்டறையின் கதவு பொதுமக்களுக்கும் திறந்தது. குதிரைத்திறன் எண்களைவிட இந்த மாற்றமே பெரிது.

ஹோண்டாவின் கதை தனி. 1989இன் பி16ஏ, 1595 சிசியில் 160 குதிரைத்திறன் தந்து மலைக்க வைத்தது. ஆனால் பெரும்பாலான எஞ்சின்களுக்கு எதிர்த்திசையில் அது சுழன்றது. சாதாரண பின்சக்கர கியர்பாக்ஸில் பூட்டினால் ஐந்து ரிவர்ஸ் கியரும் ஒரேயொரு முன்கியரும் கிடைக்கும். பழைய பிரிட்டிஷ் கார்கள் ஹோண்டாவை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியதற்கு இதுவே முதற்காரணம். 1999இல் எஸ்2000 காருக்காக ஹோண்டா செய்த எஃப்20சி நெடுக்கே நிற்பது, வழக்கமான திசையில் சுழல்வது, 9,000 சுற்றுவரை பாடுவது. ஆனால் ஒரே காருக்கான எஞ்சின் என்பதால் விலை எட்டாதது. 2001இல் வந்த ஹோண்டாவின் சொந்த கே சீரிஸ் எல்லாவற்றையும் மாற்றியது. ஹோண்டா சுழற்சித் திசையை மாற்றி மற்றவர்களோடு சேர்ந்துகொண்டது. இன்டெக்ரா டைப் ஆரில் இருந்த 1998 சிசி கே20ஏ 220 குதிரைத்திறன் தந்தது. அதன் அண்ணனான 2354 சிசி கே24, அக்கார்டு, சிஆர்-வி போன்ற சாதுவான குடும்ப வண்டிகளில் ஏராளமாக இருந்ததால் காயலான் கடைகளில் மலிந்தது. தட்டு ஒன்றைக் கடைந்தால் பிஎம்டபிள்யூ, மாஸ்டா, டொயோட்டா கியர்பாக்ஸ்களோடு அது கைகோக்கும். எலீஸில் ரோவர் எஞ்சின் இருந்த இடத்திலும் உட்கார்ந்தது.

இத்தனை பலம் வந்த பிறகு பழைய காரின் மற்ற உறுப்புகள் கணக்குக் கேட்டன. 1958இல் 43 குதிரைத்திறனுக்காக வடிவமைத்த ஸ்பிரைட்டின் ஹாஃப் ஷாஃப்ட்டுகள் பந்தயக்காரர்களிடம் ஏ சீரிஸ் காலத்திலேயே முறிந்து பேர்வாங்கியவை. 200 குதிரைத்திறன் எஞ்சின் ஏறினால் ஆக்ஸில், பிரேக், சஸ்பென்ஷன், ரேடியேட்டர், சில வண்டிகளில் தரைத்தகடும்கூட மாற வேண்டும். எஞ்சினை வாங்கும் செலவு மொத்தத்தில் சிறு பங்குதான். பாதிவழியில் பணமும் பொறுமையும் தீர்ந்து, அரைகுறையாக விற்பனைக்கு வரும் வண்டிகள் இதனால்தான் அதிகம்.

பட்டறைக்காரர்களின் இந்தக் கைவேலை பின்னர் விலையுயர்ந்த சரக்காகவும் ஆயிற்று. எம்ஜிபியின் உடற்கூட்டை 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் பழைய அச்சுகளிலேயே புதிதாக அடித்துத் தருகிறது. அந்தக் கார் பிறந்து 50 ஆண்டானதை ஒட்டி, 2012இல் ஃப்ரண்ட்லைன் டெவலப்மென்ட்ஸ் நிறுவனம் அத்தகைய புதுக்கூட்டில் மாஸ்டாவின் 2 லிட்டர் எஞ்சினையும் ஆறு வேக கியர்பாக்ஸையும் வைத்து எல்இ50 என்று விற்றது. சுமார் 215 குதிரைத்திறன். மாஸ்டாவின் அலுமினிய எஞ்சின் பழைய பி சீரிஸின் வார்ப்பிரும்பைவிட எடை குறைந்தது. ஆகவே மூக்கு முன்பைவிட இலகுவாயிற்று.

சட்டம் இதை எப்படிப் பார்த்தது என்பது நாட்டுக்கு நாடு வேறுபட்டது. பழைய பதிவெண்ணைத் தக்கவைக்க பிரிட்டனில் பல காலம் இருந்த புள்ளிக்கணக்கில், உடற்கூட்டுக்கு 5, சஸ்பென்ஷன், ஆக்ஸில், ஸ்டீயரிங், கியர்பாக்ஸ் ஒவ்வொன்றுக்கும் 2, எஞ்சினுக்கு 1 மட்டுமே. மொத்தம் 8 எடுத்தால் கார் தன் அடையாளத்தோடு இருந்தது. புகைச் சோதனையிலும் கார், எஞ்சின் இரண்டில் எது பழையதோ அதன் காலத்து அளவே பொருந்தும். ஆனால் 40 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2018இல் வந்த ஆண்டுச் சோதனை விலக்கைப் பெற, எஞ்சின் அதே அடிப்படை வகையாகவோ அக்காலத்து நிறுவன மாற்றாகவோ இருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் 1975 வரையிலான பெட்ரோல் கார்களுக்குப் புகைச் சோதனை இல்லை. 1976 முதலான எம்ஜிபியில் எஞ்சின் மாற்றினால், புது எஞ்சின் காரின் ஆண்டோ அதற்குப் பிந்தியதோ ஆக இருப்பதோடு, அதன் புகைக்கட்டுப்பாட்டுக் கருவிகள் அனைத்தும் கூடவே வர வேண்டும். மாநிலம் நியமித்த நடுவர் பார்த்து ஒப்புதல் வில்லை ஒட்டினால்தான் அந்த வண்டி சாலைக்கு வரலாம்.