டெட்ராய்ட் பெற்ற பிள்ளை: மாதிரிக் கார் கட்டும் கலையின் வரலாறு

பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் சேர்த்துச் சிறிய கார் ஒன்றைக் கட்டுவது, பிறகு அதன் உருவத்தைத் தன் விருப்பப்படி வெட்டி மாற்றி வண்ணம் பூசுவது என்ற பொழுதுபோக்கு, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் உருவானது. மிகப் பரவலான அளவு 1:25. ஐந்து மீட்டர் நீளமுள்ள கார் அந்த அளவில் இருபது சென்டிமீட்டருக்குள் அடங்கும். போர் விமானத்தையோ கப்பலையோ மாதிரியாகச் செய்பவர் பெரும்பாலும் அசலை அப்படியே திரும்பக் கொண்டுவரவே பாடுபடுவார். கார் கட்டுபவருக்கோ அசலை மாற்றும் சுதந்திரம் தொடக்கத்திலேயே, பெட்டியோடு சேர்த்தே கிடைத்தது. அந்தச் சுதந்திரத்தைக் கொடுத்தவர்கள் பொம்மைத் தயாரிப்பாளர்கள் என்று சொல்வதைவிட, டெட்ராய்ட்டின் கார் வியாபாரிகள் என்று சொல்வதே பொருந்தும்.

1920-களில் ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன், காரின் தோற்றத்தை ஆண்டுதோறும் மாற்றி விற்கும் முறையை நிலைநாட்டினார். 1927-இல் ஹார்லி ஏர்ல் தலைமையில் வடிவமைப்புக்கென்றே தனித் துறை ஒன்று அந்நிறுவனத்தில் தொடங்கப்பட்டது. ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் புதிய முகத்தோடு கார்கள் கடைக்கு வந்தன. அடுத்த ஆண்டுக் கார் எப்படி இருக்கும் என்று பள்ளிச் சிறுவர்கள்கூடத் தங்கள் நோட்டுப் புத்தகங்களில் வரைந்து பார்க்கும் பழக்கம் அங்கிருந்தே பிறந்தது.

அந்த ஆர்வத்துக்கு முதலில் முறையான வடிவம் தந்தது ஃபிஷர் பாடி கிராஃப்ட்ஸ்மேன்ஸ் கில்டு. ஜெனரல் மோட்டார்ஸுக்கு உடற்கூடுகள் செய்த ஃபிஷர் பாடி பிரிவு 1930-இல் பதின்ம வயதுப் பையன்களுக்காக நடத்தத் தொடங்கிய போட்டி அது. முதலில் வைத்த பரீட்சை கடுமையானது. ஃபிஷரின் சின்னமாக இருந்த நெப்போலியன் காலத்து அரச வண்டியைச் சக்கரம், கதவு, திரைச்சீலை உட்பட நுணுக்கமாகச் செய்து அனுப்ப வேண்டும். 1937-இல் கார் வடிவமைப்பும் போட்டியில் சேர்ந்தது. அதில் ஏற்கெனவே உள்ள காரை நகலெடுக்க இடமில்லை. சொந்தக் கற்பனையில் ஒரு காரை வடிவமைத்து, மரத்திலோ பிளாஸ்டரிலோ 1:12 அளவில் செதுக்கி மெருகேற்ற வேண்டும். பரிசு கல்லூரிப் படிப்புக்கான உதவித்தொகை. 1947-இல் வென்ற சக் ஜோர்டன் பின்னாளில் ஜெனரல் மோட்டார்ஸ் வடிவமைப்புத் துறைக்கே தலைவரானார். 1968-இல் நிறுத்தப்படும்வரை, தொழிலுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் களமாகவே இந்தப் போட்டி இருந்தது. ஆனாலும் மரக்கட்டையிலிருந்து ஒரு காரைச் செதுக்கி எடுக்கும் பொறுமையும் கருவிகளும் எல்லாப் பையன்களுக்கும் வாய்க்கவில்லை. பிளாஸ்டிக் வந்த பிறகே இந்தக் கலை வீதிக்கு வந்தது.

பிளாஸ்டிக் கார் வந்த வழி வேறு. 1948-இல் மிச்சிகன் மாநிலத்தில் வெஸ்ட் கலோக்லி என்ற வழக்கறிஞர் அலுமினியம் மாடல் டாய்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஏ.எம்.டி. என்று பின்னாளில் பெயர்பெற்றது இதுவே. ஃபோர்டு காரின் சிறு வடிவத்தை அலுமினியத்தில் வார்த்து, ஃபோர்டு நிறுவனம் நிஜக் காருக்குப் பூசும் அதே பெயின்ட்டைப் பூசிக் கார் விற்பனை நிலையங்களுக்கு அனுப்பியது. வாங்க வந்தவருக்கு நிறத்தைக் காட்ட அது உதவியது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளைக்கு இலவசப் பரிசாகவும் போனது. விரைவிலேயே அலுமினியம் போய்ப் பிளாஸ்டிக் வந்தது. ஜான் ஹேன்லி நடத்திய ஜோ-ஹான் முதலிய நிறுவனங்களும் இதே தொழிலில் இறங்கின. ‘புரோமோ’ என்று சேகரிப்பாளர்கள் அழைக்கும் இந்த விளம்பரக் கார்கள் சாதாரணப் பொம்மைகளைவிடப் பல மடங்கு துல்லியமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. கார் வெளியாகும் நாளிலேயே மாதிரியும் தயாராக இருக்க வேண்டும் என்பதால், வெளியே யாரும் பார்க்காத வரைபடங்களைக் கார் நிறுவனங்களே முன்கூட்டி இவர்களிடம் ஒப்படைத்தன. குறை ஒன்றும் இருந்தது. 1950-களில் பயன்பட்ட செல்லுலோஸ் அசிடேட் நாளாக நாளாகச் சுருங்கி வளைந்துவிடும். அக்காலத்துப் புரோமோக்களில் நேராக நிற்பவை இன்று அரிது. 1960-களின் தொடக்கத்தில் பாலிஸ்டைரீன் அதன் இடத்தைப் பிடித்தது.

ஒட்டிக் கட்டும் கார்களும் இதற்கிடையே கடைகளுக்கு வந்திருந்தன. கலிஃபோர்னியாவின் ரெவெல் நிறுவனம் 1950-களின் தொடக்கத்தில் ‘ஹைவே பயனியர்ஸ்’ என்ற வரிசையில் பழங்காலக் கார்களை 1:32 அளவில் விற்று நல்ல லாபம் கண்டது. அவை தாத்தா காலத்து வண்டிகள். பையன்கள் தெருவில் பார்த்து ஏங்கிய கார்கள் அந்தப் பெட்டிகளில் இல்லை.

திருப்பம் 1958-இல் நேர்ந்தது. ஏ.எம்.டி.யும் அதனுடன் இணைந்து இயங்கிய ஜார்ஜ் டோட்டெஃபின் எஸ்.எம்.பி. நிறுவனமும் புரோமோவுக்கு வெட்டிய அதே எஃகு அச்சுகளிலிருந்து அந்த ஆண்டின் கார்களைக் கட்டப்படாத பாகங்களாக வார்த்துப் பெட்டியில் போட்டன. விலை ஒன்றரை டாலருக்கும் குறைவு. உடற்கூடு முழுவதும் ஒரே துண்டாக வந்தது பெரிய வசதி. அச்சின் பக்கச் சுவர்கள் நகர்ந்து விலகும்படி செய்ததால், இரு பக்கமும் கூரையும் பானெட்டும் ஒரே வார்ப்பில் கிடைத்தன. பொருத்து விளிம்புகளைத் தேய்த்து மறைக்கும் வேலை மிச்சமானது. இதைவிடப் பெரிய விஷயம், பெட்டியில் தேவைக்கு மேல் பாகங்கள் இருந்தன. ஒரே காரைத் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியோ, அலங்கரித்து உருமாற்றிய காராகவோ, பந்தயக் காராகவோ கட்டலாம். பின்சக்கர மறைப்புகள், பக்கவாட்டுப் புகைக்குழாய்கள், தீச்சுவாலை ஒட்டுப்படங்கள், பந்தய எண்கள் எல்லாம் உள்ளே இருந்தன. ‘த்ரீ-இன்-ஒன்’ என்று பெயரிட்ட இந்தப் பெட்டி, எப்படிக் கட்டுவது என்ற முடிவைப் பையனிடமே விட்டது. பொழுதுபோக்கின் குணத்தைத் தீர்மானித்தது அந்த முடிவுதான் என்று உறுதியாகச் சொல்லலாம்.

நிஜக் கார்களை உருமாற்றும் கலை அப்போது தெற்குக் கலிஃபோர்னியாவில் உச்சத்தில் இருந்தது. ஜார்ஜ் பாரிஸும் அவர் அண்ணன் சாமும் நடத்திய பட்டறை மெர்க்குரி கார்களின் கூரையை வெட்டித் தாழ்த்திப் புகழ்பெற்றது. அப்படி ஒரு கார் செய்யப் பெரும் பணமும் பல மாத உழைப்பும் வேண்டும். ஓஹையோவிலோ அயோவாவிலோ இருந்த பதின்மூன்று வயதுப் பையனுக்கு அதே வேலையைச் சாப்பாட்டு மேசையில் செய்து பார்க்க வழி திறந்தது. ஏ.எம்.டி. 1959-இல் 1932-ஆம் ஆண்டு ஃபோர்டு ரோட்ஸ்டரை ‘டிராஃபி’ வரிசையில் முழு எஞ்சினோடு வெளியிட்டது. பாரிஸைத் தன் ஆலோசகராகவும் அமர்த்திக்கொண்டது. 1958, 1959 இரண்டு ஆண்டுகளும் அமெரிக்காவின் மிக அழகான ரோட்ஸ்டர் என்ற பட்டத்தை வென்ற அவருடைய ‘அலா கார்ட்’ விரைவிலேயே கிட்டாக, அதாவது ஒட்டிக் கட்டும் பாகங்களின் பெட்டியாக, வந்தது.

பெட்டியில் தந்ததைத் தாண்டிச் செல்ல விரும்பியவர்கள் ரம்பத்தை எடுத்தார்கள். கூரையைத் தாழ்த்துவது கேட்பதற்கு எளிது. கண்ணாடிச் சட்டத்தின் தூண்களை இரண்டு இடத்தில் அறுத்து, நடுத்துண்டை எடுத்துவிட்டுக் கூரையை இறக்க வேண்டும். ஆனால் தூண்கள் சாய்ந்தவை. இறக்கிய கூரை கீழ்த் தூண்களோடு பொருந்தாமல் குறுகலாக நிற்கும். கூரையைக் குறுக்கே வெட்டி இடையில் பிளாஸ்டிக் பட்டை வைத்து நீட்டலாம், அல்லது தூண்களைச் சூடாக்கி மேலும் சாய்க்கலாம். நிஜப் பட்டறையில் தகரத்தோடு மல்லுக்கட்டிய டிங்கர்களுக்கும் இதே சிக்கல்தான். அவர்கள் கண்ட தீர்வுகளும் இவையே. உடலின் நடுவில் கிடைமட்டமாக ஒரு பட்டையை எடுத்துக் காரை மெலிதாக்குவது, உடலைச் சேசிஸின் மேல் இறக்கிப் பொருத்துவது போன்ற வேலைகளும் நிஜக் காரிலிருந்து அப்படியே வந்தன.

இடைவெளிகளைப் பட்டி போட்டு அடைத்தார்கள். அக்காலப் பட்டி உலரும்போது சுருங்கும், அதிலுள்ள கரைப்பான் பாலிஸ்டைரீனையும் இளக்கும். மெல்லிய பூச்சாகப் போட்டு, நாள்கணக்கில் உலரவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி பூசியவர்கள் மட்டுமே தப்பித்தார்கள். காருக்குப் பூசும் லேக்கரை நேரடியாக அடித்தால் பிளாஸ்டிக் வெடிப்பு விடும். அதனால் பிரைமர் கட்டாயம். ‘கேண்டி’ நிறத்துக்கு முதலில் பொன்னோ வெள்ளியோ பூசி, அதன் மேல் ஒளி ஊடுருவும் சிவப்பையோ நீலத்தையோ பல அடுக்குகளாக ஏற்றினார்கள். ஒவ்வோர் அடுக்கிலும் நிறம் ஆழமாகும். ஓர் அடுக்கு சீரில்லாமல் விழுந்தால் திட்டு தெரிந்துவிடும், திருத்த முடியாது. எஞ்சினில் தீப்பொறிக் கம்பிகளுக்குத் தையல் நூலைப் பயன்படுத்தினார்கள். பளபளக்கும் பாகங்களில் குரோமியம் கிடையாது. வெற்றிடத்தில் படியவைத்த அலுமினியப் படலம்தான் இருந்தது. பிடிக்காதவர்கள் துணி வெளுக்கும் திரவத்தில் ஊறவைத்து அதை நீக்கினார்கள். சன்னல் விளிம்பின் மெல்லிய வெள்ளிக் கோட்டைத் தூரிகையால் நேராக இழுப்பது கடினம். பின்புறம் பசை தடவிய மிக மெல்லிய உலோகத் தாள் விற்பனைக்கு வந்த பிறகே அந்தக் கஷ்டம் தீர்ந்தது.

1960-களின் முற்பகுதியில் இதற்கென்றே இதழ்கள் தோன்றின. பொம்மைக் கடைகளும் கார்க் கண்காட்சிகளும் போட்டிகள் நடத்தின. டோட்டெஃப் ஏ.எம்.டி.யை விட்டு விலகி எம்.பி.சி. என்ற போட்டி நிறுவனத்தைத் தொடங்கினார். ரெவெல், ‘பிக் டாடி’ எட் ராத்தின் விநோதக் கார்களையும் அவர் வரைந்த ரேட் ஃபிங்க் என்ற எலியையும் கிட்டாக்கி, விற்ற ஒவ்வொன்றுக்கும் அவருக்கு ஒரு சென்ட் கொடுத்தது. நிஜத்துக்கும் மாதிரிக்கும் இடையிலான போக்குவரத்து அப்போது இருவழியாயிற்று. சிகாகோவின் மோனோகிராம் நிறுவனத்துக்காக டாம் டேனியல் வரைந்த ‘ரெட் பேரன்’, முதல் உலகப் போர் ஜெர்மன் தலைக்கவசத்தைக் கூரையாகக் கொண்டது. நிஜத்தில் அப்படி ஒரு கார் இல்லை. கிட் விற்ற வேகத்தைக் கண்ட கண்காட்சி அமைப்பாளர் ஒருவர் அதை முழு அளவிலேயே கட்டச் செய்தார். நிஜக் கார் அழிந்தபோது மாதிரி அதன் பதிவாக நின்றதும் உண்டு. கிரைஸ்லர் 1963-64-இல் 55 டர்பைன் கார்களைச் செய்து பொதுமக்களிடம் ஓட்டக் கொடுத்துவிட்டு, பிறகு பெரும்பாலானவற்றை அழித்தது. அந்தக் காரை உள்ளும் புறமும் நுணுக்கமாகப் பதிவுசெய்த ஜோ-ஹானின் கிட் நிலைத்துவிட்டது.

கிட்டுகளைப் பெருக்கிய ஆண்டு மாற்றமே அவற்றை அழிக்கவும் செய்தது. ஒவ்வோர் ஆண்டும் புதிய அச்சு வெட்டக் கட்டுப்படியாகாது. எனவே சென்ற ஆண்டு அச்சின் எஃகைச் செதுக்கியும் நிரப்பியும் இவ்வாண்டுக் காராக மாற்றினார்கள். 1963-ஆம் ஆண்டின் ஒரு மாடல் 1964-ஆக மாறியதும் முந்தையது என்றென்றைக்கும் போய்விடும். வரிசை முடிந்த அச்சுகள் சில, சக்கர வளைவுகள் வெட்டப்பட்டுப் பந்தயக் கார்களாயின. கட்டப்படாத பழைய பெட்டிகளுக்குச் சேகரிப்பாளர்கள் பெரும் விலை கொடுப்பது இதனால்தான்.

அலை அடங்கப் பல காரணங்கள் சேர்ந்தன. 1960-களின் நடுவில் மின்தடத்தில் ஓடும் கார்கள் பையன்களை இழுத்தன. டொலுயீன் கலந்த பசையைச் சிலர் போதைக்காக முகர்ந்ததால் நகரங்கள் விற்பனைக் கட்டுப்பாடு கொண்டுவந்தன. டெஸ்டர்ஸ் நிறுவனம் 1969-இல் தன் பசையில் கடுகு எண்ணெயின் காரத்தைச் சேர்த்து முகர முடியாதபடி செய்தது. 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு வந்த சுவையற்ற கார்களை மாதிரியாகக் கட்ட யாருக்கும் ஆவல் எழவில்லை. ஏ.எம்.டி. 1978-இல் பிரிட்டனின் லெஸ்னியிடம் போனது. பிறகும் பல கை மாறியது.

ஜப்பானில் இக்கலை தனிப் பாதையில் வளர்ந்தது. ஷிசுவோகா நகரின் டாமியா, அசலுக்கு விசுவாசமான பொறியியல் துல்லியத்தை நாடியது. 1976-இன் 1:12 அளவு போர்ஷே 934-க்காக ஷுன்சாகு டாமியா ஒரு போர்ஷே 911-ஐயே வாங்கிப் பிரித்துப் பார்த்தார். அதே நகரின் அவோஷிமா, நீண்ட முன்தாடியும் உயர்ந்த புகைக்குழாயும் கொண்ட தெருக் கார்களைப் பெட்டியில் போட்டு, உருமாற்றும் கலையை உள்ளூர் வடிவில் வளர்த்தது.

அமெரிக்காவில் 1970-களின் இறுதியில் பழைய பையன்கள் நடுத்தர வயதினராகத் திரும்பி வந்தார்கள். 1979-இல் ‘ஸ்கேல் ஆட்டோ என்தூசியஸ்ட்’ இதழ் தொடங்கியது. அதே காலத்தில் சால்ட் லேக் சிட்டியில் மார்க் குஸ்டாவ்சன் தொடங்கிய ஜி.எஸ்.எல். போட்டி, திறந்து மூடும் கதவுகளும் கையால் கடைந்த உலோகப் பாகங்களும் கொண்ட கார்களுக்கு மேடையானது. சிலிக்கோன் அச்சில் ரெசின் வார்க்கும் முறை பரவியதும், பெரிய நிறுவனம் தொடாத உடற்கூடுகளைத் தனி ஆட்கள் வீட்டிலேயே சில டஜன் கணக்கில் செய்து விற்கத் தொடங்கினார்கள். 1990-களில் மெக்சிக அமெரிக்கர்களின் லோரைடர் மரபு கிட்டுகளுக்குள் வந்தது. 1964 இம்பாலாவைத் தரையோடு தாழ்த்தி, கூரையில் பல நிற வரிகள் தீட்டி, சிறு மோட்டார் வைத்துத் துள்ளவும் வைத்தார்கள். குடும்பத்தின் நிஜக் காரைப் போலவே மகன் மேசைமேல் ஒன்றைக் கட்டுவது அந்தச் சமூகத்தில் இயல்பான காட்சி.

ஏ.எம்.டி., எம்.பி.சி. பெயர்களை இப்போது வைத்திருக்கும் இண்டியானாவின் ரவுண்ட் 2 நிறுவனம், அழிந்துபோன 1960-களின் சில அச்சுகளைப் புதிதாக வெட்டிப் பழைய பெட்டிப் படங்களோடு வெளியிடுகிறது. முப்பரிமாண அச்சுப்பொறி வீட்டுக்குள் வந்த பின் சக்கரம், எஞ்சின், இருக்கை என எதையும் கணினியில் வரைந்து எந்த அளவிலும் எடுக்க முடிகிறது. புரோமோக் காலத்தில் நிறுவனங்கள் பெரும்பாலும் இரட்டைக் கதவுக் கூபேக்களையும் கூரை திறக்கும் கார்களையுமே தேர்ந்தெடுத்தன. அப்போது விடுபட்ட நான்கு கதவு செடான்களும் குடும்ப ஸ்டேஷன் வேகன்களும் இப்போது 1:25 அளவில் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கின்றன.